தறி நின்ற தெரு

நேற்று ஒரு கல்யாண மண்டபத்தில் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தபோது வந்த பாச்சை உருண்டை வாசனை, என்னைப் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு இழுத்துப் போய்விட்டது. விடிந்ததும் தொடங்கும் தறிச்சத்தம் அங்கே காற்றைப் போல எப்போதும் இருக்கும். பகலில் அது நின்றால், தெருவில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

எதிர்வீட்டு ஏகாம்பரம் மாமா, தானும் தறிக்காரர்தான், தெரு ஆட்களைச் சேர்த்து ஒரு மெல்லிசைக் குழு தொடங்கினார். அவர் வீட்டில் நடந்த முதல் ஒத்திகையன்று பாட்டு காதில் விழவேண்டுமே என்று தெருவே தறியை நிறுத்தியது. பக்கத்துத் தெருக்காரர்கள் மாலையும் கையுமாக ஓடிவந்து, "யாருபா பூட்டாங்க?" என்று அவர் வாசலில் நின்றார்கள். எல்லோரும் சிரித்தோம்.

அம்மா மட்டும், "சாவு மாலை வாசல் வரிக்கும் வந்துகீது, சிரிச்சிக்கினு இருக்கியே" என்றாள்.

அதன்பிறகு எந்தக் கல்யாண வீடும் அந்தக் குழுவைக் கூப்பிடவில்லை. ஒவ்வொருவராக விலகிப்போக, மாமா மட்டும் சாயங்காலங்களில் தனியாக ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தார். தெரு தறியை நிறுத்திவிட்டுக் கேட்கும், ஆனால் யாரும் அந்தப் படியேற மாட்டார்கள்.

ஒரு நாள் காலையிலேயே தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. பாட்டு என்று நினைத்து, பிள்ளைகள் நாங்கள் ஓடிப்போய் அவர் வாசலில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். உள்ளே ஆர்மோனியத்தை ஓரமாக நகர்த்தி, மாமாவைக் கிடத்த இடம் செய்துகொண்டிருந்தார்கள்.