ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டு போனால்

நீடாமங்கலத்துக்கு மேற்கே, வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றில், மாதா கோயிலை ஒட்டின சின்னப் பள்ளிக்கூடத்தில் அருள்மேரி டீச்சர் முப்பத்தைந்து வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தார். கணக்கு வராத பிள்ளைகளைப் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட அவரிடம் கொண்டுவந்து விடுவார்கள். அதெல்லாம் பிற்பாடு வந்த பெயர். முதல் இருபத்திரண்டு வருஷம் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிரம்பு ஒன்றுதான்.

புருஷன் சகாயராஜ் தொண்ணூற்றிரண்டில் டிரைவர் வேலைக்குச் சவூதி போனார். வீட்டில் அருள்மேரியும் ஒரே மகள் ஃபிளோராவும் மட்டும். அடுத்த வருஷம் ஃபிளோரா மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். அம்மாவே டீச்சர்.

மற்ற பாடங்களில் குறை சொல்ல முடியாது. கணக்குதான் அவளுக்கு ஏறவில்லை. ஒருநாள் கரும்பலகையில் ஐம்பத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டைக் கழிக்கச் சொன்னார் அருள்மேரி. ஃபிளோரா இருபத்தாறு என்று எழுதினாள். அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் இருபத்தாறு. மூன்றாவது தடவையும் அதே இருபத்தாறு வந்ததும் பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

அருள்மேரிக்கு முகம் எரிந்தது. அந்தக் கணக்கை ஒரு சிலேட்டில் எழுதி, சணல் கயிற்றில் கட்டி, மகளின் கழுத்தில் மாட்டி வராந்தாவில் நிற்க வைத்தார். மத்தியானச் சோற்றுக்கு மணி அடித்து, மொத்தப் பள்ளிக்கூடமும் தட்டும் கையுமாக அவளைப் பார்த்துக்கொண்டே போனது.

சத்துணவு சமைக்கும் தர்மாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. "பெத்த புள்ளையை இப்படியா டீச்சர் நிக்க வைப்பாங்க?"

"எம் புள்ளைன்னு விட்டுட்டா மத்த புள்ளைங்க என்ன நெனைக்கும்?" என்றார் அருள்மேரி. அப்படிச் சொன்னதில் அவருக்கு அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அன்று சாயங்காலம் ஃபிளோரா அழவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது, "வரேன் டீச்சர்" என்றாள். வாய் தவறி வந்ததென்று அருள்மேரி சிரித்தார். 'டீச்சர்' இரண்டு நாளில் போய்விட்டது. ஆனால் அதுவரை 'நீ, வா' என்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை அதற்குப் பிறகு அம்மாவை 'நீங்க' என்றுதான் சொன்னாள். மரியாதை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார் அருள்மேரி.

பத்தாம் வகுப்பில் ஃபிளோரா கணக்கில் மட்டும் தோற்றாள். பத்தொன்பது மார்க். அக்டோபரில் எழுதினாள், மறு வருஷமும் எழுதினாள். ஒவ்வொரு தடவையும் பரீட்சைக்கு முந்தின நாள் வாந்தி எடுத்தாள். சோம்பேறித்தனம், நடிப்பு என்று அருள்மேரி திட்டினார்.

அந்த வருஷங்களில் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவை போயிற்று, பிறகு சம்பாவும் போயிற்று. நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்த குடும்பங்கள் சாமான்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறின. பனியன் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பெண்பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்பியபோது ஃபிளோராவும் கிளம்பினாள். பதினெட்டு வயது.

"டீச்சர் பொண்ணு கம்பெனிக்குப் போனா ஊர் என்ன சொல்லும்?" என்று கேட்டார் அருள்மேரி.

"அங்க யாரும் கணக்கு கேக்க மாட்டாங்கம்மா" என்றாள் ஃபிளோரா.

மறு வருஷம் கும்பகோணத்தில் ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. நடத்தியவர் ஷைலஜா என்ற சின்ன வயதுப் பெண். வட்டம், முக்கோணம், கொக்கி என்று சில வடிவங்களைப் பலகையில் வரைந்து, "இனிமே இதுதான் எண்கள். இதுல ஒரு கழித்தல் போடுங்க" என்று அருள்மேரியை எழுப்பிவிட்டார். அருள்மேரிக்கு ஒன்றும் ஓடவில்லை. ஒரு வட்டம் வரைந்து, அதையும் அழித்தார்.

"என்ன டீச்சர், இதுகூட வரலையா? சீக்கிரம், சீக்கிரம்!"

யாரோ சிரித்தார்கள். நாற்பத்தைந்து வயதில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, அருள்மேரி முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர், வேணும்னேதான் வெரட்டினேன்" என்றார் ஷைலஜா. "நம்ம வகுப்புல யாரோ ஒரு புள்ளைக்கு தினமும் இப்படித்தான் இருக்கு."

அருள்மேரி வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

திங்கட்கிழமை வகுப்பில் பழைய கணக்கையே எழுதிப் போட்டார். கழித்தலில் எப்போதும் தடுமாறும் செவ்வந்தி இருபத்தாறு என்று எழுதி நீட்டினாள். பிரம்பைத் தொடாமல் அருள்மேரி கேட்டார்: "எப்படிம்மா போட்டே?"

செவ்வந்தி பயந்துகொண்டே சொன்னாள். "ரெண்டுலேருந்து எட்டு போகாது, சின்னதுலேருந்து பெருசு போகவே போகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர்? அதான் எட்டுலேருந்து ரெண்டை எடுத்தேன்."

அருள்மேரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஃபிளோராவும் அப்படித்தான் போட்டிருக்கிறாள். அம்மா சொன்னதை அப்படியே கேட்டுப் போட்டிருக்கிறாள். கேட்டதற்குத்தான் அந்தத் தண்டனை.

அன்றிலிருந்து பள்ளி விட்டபிறகு செவ்வந்தியையும் இன்னும் நான்கு பேரையும் தரையில் உட்கார வைத்துக்கொண்டார். தென்னை ஈர்க்கை ஒடித்துப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் கையில் கொடுத்து முப்பத்தெட்டைக் கேட்டார். தவித்துத் தவித்து, ஒருநாள் செவ்வந்தியே ஒரு கட்டை அவிழ்த்தாள். எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்து, "பதினாலு!" என்று கத்தினாள்.

அந்த வருஷத் தேர்த் திருவிழாவுக்கு ஃபிளோரா ஊருக்கு வந்தாள். வீட்டுச் சாவி வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் ஜன்னலோடு நின்றுவிட்டாள். உள்ளே அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். தப்பாகப் போட்ட ஒரு பிள்ளையின் முதுகைத் தடவி, "தப்பா வந்தா என்ன இப்போ? அவசரமே இல்ல. கலைச்சுட்டு மறுபடி போடு, கண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தலையை நிமிர்த்திய அருள்மேரி ஜன்னலில் மகளைப் பார்த்தார். ஃபிளோராவின் கன்னம் நனைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அருள்மேரி அடுப்பைப் பற்றவைத்தார். காப்பி வைத்துக் கொடுத்தபோது ஃபிளோரா டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள். "அந்த மாதிரி சொல்லியிருந்தா எனக்கும் புரிஞ்சிருக்கும்மா."

"எனக்கே அப்பத் தெரியாதுடி. தப்பு பண்ணிட்டேன்." அருள்மேரி மகளின் கையைப் பிடித்தார். "இன்னொரு தடவை எழுது ஃபிளோரா. நான் சொல்லித் தரேன். ஒரு வார்த்தை கடிஞ்சு பேச மாட்டேன்."

ஃபிளோரா கையை உதறவில்லை. மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "வேணாம்மா. கணக்குன்னு நீங்க பேச்செடுத்தாலே இப்பவும் எனக்கு அந்த வராந்தாவுல நிக்கிற மாதிரி இருக்கு."

திருவிழா முடிந்து அவள் பஸ் ஏறினாள். திருப்பூரிலேயே கல்யாணம், அங்கேயே குடித்தனம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாள். ஒரு ராத்திரிக்கு மேல் தங்கியதில்லை.

அருள்மேரி பதின்மூன்று வருஷம் விடாமல் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். செவ்வந்தி நர்ஸ் படித்து முடித்து, இனிப்போடு வந்து காலில் விழுந்தாள். ஊரே மெச்சியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் புரிந்த நிமிஷத்தில் அருள்மேரிக்குச் சந்தோஷம் பொங்கி வரும். வந்த வேகத்திலேயே நெஞ்சில் குத்தும். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற அன்று மேடையில் ஏற்றினார்கள். ஃபிளோரா லீவு கிடைக்கவில்லை என்று வரவில்லை. புகழ்ந்து பேசியவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெற்ற மகளுக்குத் தான் செய்ததை ஒன்றுவிடாமல் மைக்கில் சொன்னார் அருள்மேரி.

ஞாயிற்றுக்கிழமை போனில் அதை மகளிடமும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தார்.

"சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டாள் ஃபிளோரா.

"சாப்ட்டேன்" என்றார் அருள்மேரி. அன்றைக்கு அவர் அடுப்பே பற்றவைக்கவில்லை.