அப்பளம் தின்று காத்த மௌனம்

மகள் பேசும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்று, ஐம்பத்து நான்கு வயதில் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவன் நான். பிரிக்பீல்ட்ஸில், பிள்ளைகளிடம் பேசிப் பழகச் சொல்லித்தரும் ஒரு கோச்சிடம் மூன்று மாதம் போனேன். "பலன் இருக்கான்னு உங்களையும் என்னையும் கேட்டா சரிவராது சார். உங்க மக நடந்துக்கிறதுல தெரியும்," என்றார் அவர்.

தனியே தங்கியிருக்கும் மகள் என்னிடம் மனம்விட்டுப் பேசி வருடக்கணக்காகிவிட்டது. பரீட்சித்துப் பார்க்க, கிள்ளானில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன். ரசம் ஊற்றும்போது அவளே ஆரம்பித்தாள்.

"அப்பா, வேலைய விட்டுட்டேன்."

அறிவுரை தொண்டைவரை வந்துவிட்டது. ஓர் அப்பளத்தை முழுசாக வாயில் திணித்துக்கொண்டு தலையை மட்டும் அசைத்தேன். விழுங்கியதும், "அப்புறம்மா?" என்றேன்.

மேலாளரின் ஏச்சு, கழிவறையில் அழுதது, இனி என்ன என்ற பயம் எல்லாவற்றையும் சொன்னாள். என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். இவளை எனக்குத் தெரியவே தெரியாது என்று தோன்றியது. இலையை மடிக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மனைவியிடம், "கோச்சிங் வேலை செய்யுதுடி," என்று பீற்றிக்கொண்டேன்.

"அது எனக்குத் தெரியாதுலா," என்றாள். "'அப்பா ஒரு வார்த்தகூட திட்டல, அவருக்கு உடம்புக்கு ஏதாச்சும்னு டாக்டர் சொல்லிட்டாரா அம்மா?'ன்னு உங்க மக அன்னிக்கே போன்ல அழுதா."