எந்த ஊர் என்று கேட்ட மேரி

செவ்வாய்க்கிழமை காலை குடவாசலிலிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா தவறிட்டாங்க சார்" என்றார் ஆரோக்கியமேரியின் தம்பி. உடனே குடவாசலுக்குப் புறப்பட்டேன்.

தஞ்சாவூர் கணினி மையத்தில் பதினெட்டு ஆண்டுகள் எனக்கும் அவருக்கும் அடுத்தடுத்த மேசை. பெருங்கணினிக்கு அசெம்பிளர் மொழியில் நிரல் எழுதுவது எங்கள் வேலை.

அவருடைய தந்தை குத்தகை விவசாயி. மேரி பள்ளியில் படித்தபோது நிலக்காரரின் ஆட்கள் வரப்பில் நின்று, "சாகுபடி பண்றேங்கிறியே, உன் பேரு எதுல இருக்கு?" என்று தந்தையை மிரட்டினார்களாம். அப்போது புதிதாக வந்த ஆட்சியின் சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருந்ததால்தான் நிலம் கையில் நின்றது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அத்தகைய பதிவேடுகள் கணினிக்கு வந்தன. மன்னார்குடியில் குத்தகை வழக்கு விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கையில், என் நிரல் அச்சிட்ட பட்டியலை மேரி புரட்டினார். ஓர் ஊரில் மட்டும் சாகுபடியாளர் பத்தி முழுக்க நிலக்காரர்களின் பெயர்களே இருந்தன.

"எல்லாக் கட்டத்துலயும் பேரு இருக்கே, அனுப்பிடுங்கம்மா" என்றார் எங்கள் அதிகாரி.

"அனுப்பினா உழுறவங்க வெளிய போயிடுவாங்க சார். நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

மாற்றல் வரும் என்று அவர் எச்சரித்தார். "வரட்டும் சார். பட்டியல் சரியானப்புறம் வரட்டும்."

என் நிரலை வரி வரியாகப் படித்தார். நிலக்காரர் அட்டவணை எங்கள் அட்ரஸ் ஸ்பேஸில், அதாவது எங்கள் நிரலுக்கென ஒதுக்கிய நினைவகப் பகுதியில் இருந்தது. குத்தகையாளர் அட்டவணை வேறொன்றில். எந்த ஸ்பேஸில் தேட வேண்டும் என்பதை ஆக்சஸ் ரிஜிஸ்டர் என்ற குறிப்பான் சொல்லும். ஆனால் அதற்குரிய மோடில், அதாவது இயங்குநிலையில் இருந்தால்தான் இயந்திரம் அதைக் கவனிக்கும். அந்த ஊருக்காக நான் இடையில் அழைத்த துணைநிரல், மோடை மாற்றிவிட்டுப் பழையபடி திரும்ப வைக்கவில்லை.

"தேடச் சொன்ன முகவரி சரிதானே மேடம்?" என்றேன்.

"சர்வே நம்பர் நூத்திநாப்பது எல்லா ஊர்லயும் இருக்கு சார். எந்த ஊருன்னு நாம சொல்லல. மெஷின் நம்ம ஊர்லயே பாத்துட்டு வந்துடுச்சு."

இரண்டு அட்டவணைகளுக்கும் ஒரே அமைப்பு. அதனால் நிரல் பிழை காட்டி நிற்காமல், தவறான பெயரை அமைதியாக எடுத்துத் தந்திருக்கிறது. மோடை மீட்கும் ஒரே ஒரு கட்டளையைச் சேர்த்தார். மறுநாள் முற்பகல் புதிய பட்டியல் வெளியே வந்தது. அந்த ஊரின் எழுபத்தொரு குத்தகையாளர்களும் அதில் இருந்தார்கள். அதிகாரியே எழுந்து வந்து, "நீங்க சொன்னதுதான்மா சரி" என்றார்.

விசாரணைக்கு நாங்களும் மன்னார்குடி போனோம். பெயர்கள் வாசிக்கப்பட, ஒவ்வொருவராக "இருக்கேங்க" என்று எழுந்தார்கள். எழுபத்தொரு பேரின் உரிமையும் உறுதியானது. வெளியே வந்ததும் மேரி என் கையைப் பிடித்துக் குலுக்கிச் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்துக்குச் சேறு காயாத கால்களோடு அந்தப் பட்டியலின் ஊர்க்காரர்கள் சிலர் வந்தார்கள். "நடவு ஓடுதுங்க. அம்மா முகத்தப் பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தோம்" என்றார் ஒரு பெண். ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு, தங்கள் வயலுக்கு வேகமாகத் திரும்பினார்கள்.

நிறைவாகப் போய் வாருங்கள், மேடம்.