பொருத்திய கண்கள்

நீலசந்திராவில் சாவு விழுந்தால் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குத் தனபாலிடம்தான் வருவார்கள். சைன்போர்டு எழுதிய கை. பிரஷ்ஷை வைத்துவிட்டு மௌஸைப் பிடித்துப் பதினைந்து வருடம் ஆகிறது. சில வீடுகளில் நல்ல படமே இருக்காது. பிணத்தைப் போனில் எடுத்து அனுப்புவார்கள். மூடிய கண்களைத் திறந்து காட்ட, யாருடையது என்று அவனுக்கே மறந்துபோன ஒரு ஜோடிக் கண்களைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தான். அதைப் பொருத்தி நிறத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும், "அப்பிடியே எங்கப்பாதாண்ணா" என்பார்கள். எந்த நாய்க்கும் நிஜ முகம் வேண்டாம் என்று மனதுக்குள் திட்டுவான்.

போன மாதம் அவன் மனைவி பூங்கொடி போய்ச் சேர்ந்தாள். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவள். ஆதார் கார்டில் இருந்தது வெறும் கறுப்புத் திட்டு. கல்யாணப் போட்டோவில் தலை குனிந்திருந்தாள். அதை வைத்தே வேலையை முடித்தான். கை தானாக ஓடியது.

தெருமுனையில் ஃப்ளெக்ஸைக் கட்டியதும் மைத்துனன் ரவிக்குமார் தழுதழுத்தான். "அக்கா நேர்ல பாக்கறாப்லயே இருக்குது மாமா."

தனபால் நிமிர்ந்து பார்த்தான். அதே ஜோடிக் கண்கள்.

அவளுடைய கண்களையே வரைந்துவிடலாம் என்று கடைக்குத் திரும்பி உட்கார்ந்தான். இருபது வருடம் பார்த்த கண்கள் எப்படி இருக்கும் என்று அவனுக்கு நினைவு வரவில்லை.