மேசை மேல் ஒரே ஒரு மீட்டர் கார்டு

சேலையூரில் எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து நான்கு நாள் கரண்ட் இல்லை. மின்வாரிய ஆபீசில் புகார் கொடுக்கப் போனால், "ஆள் வரும், போங்க" என்று விரட்டினார்கள். என் கடை ஐஸ்கிரீம் மொத்தமும் கூழாகிப் போனது. எதிர்க்கடை மீன்கார அக்காவின் ஃப்ரீசரில் இருந்தது முழுக்க அழுகி நாறியது.

"எல்லாரும் சேர்ந்து கேஸ் போடலாம்" என்று கிளப்பிவிட்டவன் நான்தான். என் வாய் சும்மா இருக்காது. எட்டுக் கடைக்காரர்கள் சேர்ந்தோம். அதிகம் நம்பியது அக்காதான். "நஷ்டஈடு வந்தாதான் கடை. இல்லாங்காட்டி மறுபடியும் கூடை தூக்கினு தெருத்தெருவா போவணும்பா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கடைக்கே வக்கீல் வந்தார். "மீட்டர் கார்டை எடுத்து வைங்க. எல்லாம் கடை கனெக்‌ஷன்தானே? ஒருத்தரோடது வீட்டு கனெக்‌ஷனா இருந்தாலும் எதிர்த்தரப்பு அதையே பிடிச்சுக்குவாங்க. கேஸும் போயிடும், அபராதமும் வரும்."

 எங்கள் பக்கம் சொந்த வீட்டுக்காரர்கள் முன்னறையை இடித்து ஷட்டர் மாட்டிக் கடையாக்குவோம்; ஒயரை வீட்டு மீட்டரிலிருந்தே இழுத்துக்கொள்வோம். வீட்டு ரேட்டு குறைவு. அதைத் திருட்டு என்று ஒருவரும் நினைத்ததில்லை.

அக்கா பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்த கார்டை எடுத்து மேசையில் வைத்தார். அவருடையது வாடகைக் கடை, தனி மீட்டர். அப்புறம் ஒருவர் கையும் அசையவில்லை. மளிகைக்காரர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் என்னுடையதையும் வைத்துவிடலாமா, யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்றுகூட நினைத்தேன். ஆனால் மாட்டினால் அக்காவும் சேர்ந்தல்லவா போவார்?

"சார், என்னோடது வீட்டு லைன். என் பேரை எடுத்துடுங்க" என்றேன்.

"என்னோடதும் சார்" என்றார் மளிகைக்காரர். அப்புறம் ஒவ்வொருவராக முனகிவிட்டு எழுந்துபோனார்கள்.

அக்கா திட்டியிருந்தால் தேவலை. என்னைத்தான் பார்த்தார். "அப்போ இத்தினி வருசமா கடை ரேட்டு கட்டிகினு இருந்தது நான் ஒருத்திதானா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. 

"என் பேரை மட்டும் போட்டு எழுது சார்" என்று அக்கா வக்கீலிடம் சொல்லி, என் மேசையிலேயே கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு வாய்தாவுக்கு வாய்தா அக்கா தனியாகத்தான் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார். நான் எதிரே உட்கார்ந்து ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தேன், அதே வீட்டு லைனில்.