பிரேக்குக்குத் தண்ணி

ஆத்தங்குடி டைல்ஸைக் கொடைக்கானல் பங்களாக்களுக்கு ஏற்றிப்போகும் வெள்ளைக்கண்ணுவின் லாரியில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் டிரம் உண்டு. மலை இறங்கும்போது அதன் குழாயைத் திறந்தால், தண்ணீர் பைப் வழியாகச் சக்கரங்களுக்குள் சொட்டி, கொதிக்கும் பிரேக்கைக் குளிரவைக்கும். முப்பது வருஷத்தில் பிரேக் அவரை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை.

குசும்பும் அவரை விட்டதில்லை. தண்ணீர் சொட்டும் லாரி என்றாலே ஆற்றில் ஈரத்தோடு அள்ளிய திருட்டு மணல்தான் என்பது ஊரறிந்த கணக்கு. ஆகவே, ஒரு மேடுகூட இல்லாத காரைக்குடி சாலையில், மணல் சோதனைக்கு நிற்கும் அதிகாரி சுபலட்சுமியைக் கண்டதும் குழாயைத் திறந்துவிடுவார். அந்த அம்மா வண்டியை மறித்து, தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தால் உள்ளே டைல்ஸ்.

“பிரேக்குக்குத் தண்ணி விட்டேன் மேடம். நீங்க கேக்கவே இல்லையே” என்பார் அப்பாவிபோல.

ஆறு தடவை ஏமாந்தபின் அந்த அம்மா மறிப்பதையே விட்டுவிட்டார். அந்தச் சமயம் பார்த்து வெள்ளைக்கண்ணுவின் மச்சான் வீடு கட்ட ஆரம்பித்தார். அடுத்த நடை தார்ப்பாய்க்கு அடியில் நிஜமாகவே ஆற்றுமணல். ஈர மணல் தானாகவே சொட்டுகிறதே என்று அன்றைக்குக் குழாயை அவர் தொடவில்லை.

என்ன தோன்றியதோ, அன்றைக்குச் சுபலட்சுமி மறுபடி கையைக் காட்டி நிறுத்தினார்.

“பிரேக்குக்குத் தண்ணி, மேடம்.”

அந்த அம்மா குனிந்து சக்கரத்தின் உட்புறத்தைத் தடவினார். விரலில் காய்ந்த புழுதி ஒட்டியது.

“பிரேக்கு தாகத்துல கெடக்குண்ணே. தண்ணிய எங்கிட்டு ஊத்திக்கிட்டு வாரீக?”