பொட்டு வைத்த மிஷின்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதைச் சொல்வதில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆறாம் வகுப்பில் அது அளவுக்கு மீறியே இருந்தது. பஸ் பலகை, மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் நான் படித்துச் சொன்ன பிறகுதான் வீட்டில் அதற்கு மதிப்பு.

அப்பா கதவு, ஜன்னல்களுக்குப் பாலிஷ் போடுபவர். அதற்கு முன் உப்புத்தாளால் மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவது அம்மாவின் வேலை. திருக்கோகர்ணத்தில் ஒரு புது வீட்டுக்குத் தேக்கு வாசல் கதவு வேலை வந்தபோது, அம்மாவின் தோள்வலிக்காக அப்பா ஒரு மிஷின் வாங்கிவந்தார். கைக்குள் அடங்கும் மிஷின். அடியில் உப்புத்தாள் ஒட்டிக்கொள்ளும் வட்டத் தட்டு. தட்டு சின்னச் சின்ன வட்டமாக அதிர்ந்துகொண்டே தானும் சுற்றும். அம்மா வழக்கம்போல் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். தட்டின் விளிம்பையும் விடாமல் அங்கே ஒரு பொட்டு.

கூடவந்த புத்தகம் முழுக்க இங்கிலீஷ். அப்பா அதை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அதில் எனக்கு விளங்கியது ‘பிரஷர்’ என்ற ஒரே சொல். தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நன்றாகப் பிரஷர் கொடுத்து அழுத்த வேண்டும் என்று போட்டிருப்பதாகச் சொன்னேன்.

காலாண்டு லீவு என்பதால் நானும் வேலைக்குக் கூடப் போனேன். கதவைப் பலகை மேல் படுக்கவைத்திருந்தார்கள். மிஷினைத் தூக்கிப் பிடித்தபோது பொட்டு சுற்றிச் சுற்றிச் சிவப்புக் கோடாகத் தெரிந்தது. அம்மா உடம்பு பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தியதும் கோடு மறைந்து மறுபடி பொட்டாகிவிட்டது.

“பொட்டு நிண்டுருச்சேத்தா. சுத்தாம வெறுமன நடுங்குது. கையத் தளத்தவா?”

“அப்படித்தாம்மா நிக்கணும். புக்குல போட்டிருக்கு.”

படித்த பிள்ளை சொல்கிறது, அழுத்து என்றார் அப்பா.

தூசி படிந்திருந்தவரை கதவு அழகாகத்தான் இருந்தது. மறுநாள் முதல் பூச்சு கலர் ஏறியதும், எங்கிருந்தோ கிளம்பியதுபோல் கதவு முழுக்கச் சுருள் சுருளாகக் கீறல்கள். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார்.

“என்னங்க இது, மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கு? இந்தக் கதவையா நான் நாலு பேருக்குத் திறந்து காட்டுறது? உங்களுக்கு முடியலன்னா சொல்லிருங்க, வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

“எங் கைதாங்க பழகல. வியாழக்கெழமைக்குள்ள சரி பண்ணிக் குடுத்துருவோம்.”

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மிஷின் கெட்டதா, புத்தகம் தப்பா, மரம் அப்படியா? பழியை அம்மா ஏன் தன் மேல் போட்டுக்கொள்கிறாள்? பஸ்ஸில் கேட்டேன். பசிக்கிறதா என்று திருப்பிக் கேட்டாள்.

இரண்டு நாள் இருவரும் மரத்தின் ரேகை போன வாக்கிலேயே கையால் தேய்த்துக் கீறல்களை எடுத்தார்கள். கடைசித் தேய்ப்புக்கு அம்மா மறுபடி மிஷினை எடுத்தாள். அப்பா வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் உள்ளங்கையை அதன் மேல் சும்மா வைத்தாள். மிஷின் தன் பாரத்திலேயே நகர்ந்தது. சிவப்புக் கோடு மறையவே இல்லை. ஒரு கீறலும் விழவில்லை.

“ஏத்தா, இதுவும் அதுல போட்டிருக்கா பாரு.”

நான் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினேன்.

“ஆமாம்மா. பொட்டு சுத்துற அளவுக்குத்தான் கை வைக்கணுமாம். அடுத்த பக்கத்துல இருக்கு, அன்னைக்குப் பாக்கல.”

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி இருமினார். தூசி என்று நினைத்தேன்.

“அதானே. படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள் அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வெள்ளிக்கிழமை கதவு கண்ணாடியாக மின்னியது. லீவு முடிந்ததும், நான் புத்தகத்தைப் படித்துச் சொன்னதால்தான் கதவு தப்பித்தது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன். எந்த ஊரிலோ அச்சடித்த இங்கிலீஷ் புத்தகத்தில் குங்குமப் பொட்டு எப்படி வந்திருக்கும் என்று, எழுத்தே தெரியாத அம்மா யோசித்திருப்பாள். எனக்கு அது அன்று தோன்றவே இல்லை.